மறைய வேண்டிய உயிர் ஏன் மின்னுகிறது? – வாசகர் கேள்வி, பதில்

வடகிழக்குப் பருவமழை பெய்து சென்னையின் காலி மனைகள் பச்சையானதும், பூச்சிகளைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இந்த முறை அவற்றில் பல நிறத்தைப் பற்றியே கேட்கின்றன. பள்ளியில் விலங்கியல் கற்பித்த காலம் முதல் இன்றுவரை நான் சலிப்பின்றிப் பேசக்கூடிய பொருள் இது. மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

எங்கள் தெருமுனையில் உள்ள எருக்கஞ்செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் நிறங்களில் புழுக்கள் பட்டப்பகலில் இலை தின்றுகொண்டிருக்கின்றன. பக்கத்திலேயே மைனாக்களும் தவிட்டுக்குருவிகளும் இரை தேடுகின்றன. ஆனால் ஒன்றும் இவற்றைத் தொடுவதில்லை. ஏன்?
– இல்லத்தரசி, வேளச்சேரி

நீங்கள் பார்த்தவை வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஐயமே வேண்டாம்.

உங்களுக்கு வந்த கேள்வி சார்லஸ் டார்வினுக்கும் வந்தது. ஆண் பறவைகளின் பகட்டுக்கு அவரிடம் விளக்கம் இருந்தது: பெண் அழகைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் புழு இன்னும் பருவமடையாத உயிர். அது யாரைக் கவர வேண்டும்? 1867ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் இதை இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸிடம் கேட்டார். பேட்ஸ், வாலஸைக் கேளுங்கள் என்றார். இயற்கைத் தேர்வைத் தாமும் தனியாகக் கண்டறிந்த ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் உடனே ஒரு விளக்கம் சொன்னார். புழுவின் தோல் மிக மெல்லியது. ஒரு பறவை கொத்திப் பார்த்துவிட்டு, கசக்கிறது என்று துப்பினாலும் புழு பிழைப்பது அரிது. ஆகவே கொத்துவதற்கு முன்பே, தான் உண்ணத்தக்க பண்டம் அல்ல என்பதை அது பறவைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பட்டைகள். அதே ஆண்டு அவர் ‘தி ஃபீல்டு’ என்னும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பறவைகள் எந்தப் புழுவைத் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று பார்த்துச் சொல்லும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்தை எழுதும் எனக்கு அந்தச் செய்தி தரும் மகிழ்ச்சி பெரிது. 1869இல் ஜென்னர் வியர் என்பவர் தம் பறவைக்கூண்டில் சோதித்துப் பார்த்தார். பச்சையும் பழுப்புமான வழவழப்புப் புழுக்களைப் பறவைகள் விழுங்கின. பகட்டான புழுக்களை ஒதுக்கின.

வெந்தய வரியனின் கசப்பு எங்கிருந்து வருகிறது? எருக்கம் பாலிலிருந்து. அந்தப் பாலில் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சுகள் உண்டு. மாடுகூட வாய் வைக்காத செடியை இந்தப் புழு உணவாகக் கொள்கிறது. நஞ்சில் ஒரு பகுதியைத் தன் உடலில் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும்போதும் அந்த நஞ்சு உடன் வருகிறது.

செடிதான் நஞ்சு தருகிறது என்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. வெந்தய வரியனின் அமெரிக்கச் சொந்தம் மோனார்க் வண்ணத்துப்பூச்சி. 1960களில் லிங்கன் பிரவரும் அவருடைய குழுவினரும் நீல ஜே என்னும் பறவைக்கு அதை ஊட்டினார்கள். பறவை சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தது. அதன் பிறகு மோனார்க்கைக் கண்டாலே விலகியது. அதே இனப் புழுக்களை முட்டைக்கோஸ் தின்னப் பழக்கி வளர்த்தார்கள். அவற்றிலிருந்து வந்த வண்ணத்துப்பூச்சிகளைப் பறவைகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் தின்றன. சிறகின் நிறம் ஒன்றுதான். உள்ளே இருந்த சரக்கு வேறு.

ஆகவே உங்கள் தெரு மைனாக்களின் அமைதிக்குப் பின்னால் ஒரு படிப்பு இருக்கிறது. என்றோ ஒரு நாள், இளம் பறவையாக இருந்தபோது, அவை வாய் வைத்துப் பார்த்திருக்கும். அப்போது கற்றதைத்தான் இப்போது நீங்கள் பார்க்கிறீர்கள்.

பகட்டு நிறம் பாதுகாப்பு என்றால், பறவைகள் அதைக் கற்றுக்கொண்ட பிறகுதானே பாதுகாப்பு? ஒரு பச்சைப் புழுக் கூட்டத்தில் முதன்முதலில் பளிச்சென்று பிறந்த புழு எல்லோருக்கும் முன்பு தின்னப்பட்டிருக்குமே! பிறகு எப்படி அந்த நிறம் பரவியது?
– இளநிலை விலங்கியல் மாணவி, தாம்பரம்

இந்தத் துறையின் மிகக் கடினமான முடிச்சைப் பிடித்திருக்கிறீர்கள். இதற்கு ஒரே ஒரு விடை இல்லை. பல விடைகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

மரபியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1930இல் ஒரு விடை சொன்னார். கசக்கும் புழுக்கள் பலவும் ஒரே தாயின் பிள்ளைகளாகக் கூட்டமாக வாழ்கின்றன. பறவை ஒன்றைக் கொத்தி வெறுத்துப் போனால், மீதிப் பிள்ளைகள் தப்புகின்றன. இறந்த புழுவின் நிறத்துக்கான மரபணு உடன்பிறந்தவற்றிலும் இருக்கிறது, அது வாழ்கிறது. அழகான விளக்கம். ஆனால் வெந்தய வரியனுக்கு இது பொருந்தாது. அது முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி இலைகளில் இடுகிறது.

இரண்டாவது விடை, கொத்துப்பட்ட எல்லா உயிரும் சாவதில்லை என்பது. பறவைகள் பல நேரம் அலகில் பிடித்துச் சுவை பார்த்துவிட்டு விட்டுவிடுகின்றன. வளர்ந்த வெந்தய வரியனின் உடல் தோல்போல உறுதியானது, எளிதில் நசுங்காது. அடையாறு கழிமுகப் பக்கம் நடக்கும்போது சிறகில் அலகு வடிவில் கிழிசல் உள்ள வெந்தய வரியன்களைக் கவனியுங்கள். ஒரு பறவை பிடித்து, சுவை பிடிக்காமல் விட்டதன் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

மூன்றாவது, பறவைகளின் தயக்கம். பழக்கமில்லாத நிறத்தில் ஏதாவது வந்தால் பல பறவைகள் நாள்கணக்கில் அதைத் தொடுவதே இல்லை. முதற்புழுவுக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விடை பின்லாந்திலிருந்து வந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள், நம் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவான குருவிக்கு ஒரு காணொளி காட்டினார்கள். திரையில் இன்னொரு குருவி ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, கசப்பேற்றிய பாதாம் துண்டைத் தின்று, தலையை உதறி, அலகைக் கிளையில் தேய்க்கிறது. அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு குறி இருந்தது. பார்த்த குருவிகள் அந்தக் குறியுள்ள பொட்டலங்களைக் குறைவாகவே தொட்டன. அதாவது ஒரு புழு இறந்து ஒரு பறவைக்குப் பாடம் சொல்கிறது. அந்தப் பாடத்தைக் கூட்டமே கற்கிறது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புழு பலியாக வேண்டியதில்லை. இப்படிக் கணக்குப் போட்டால் முதற்புழுவின் நிலை நாம் நினைத்த அளவுக்கு மோசமில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 2023இல் வெளிவந்த ஆய்வு அதைக் காட்டுகிறது. தவளைகளிலும், அவற்றின் உறவாகப் பல்லி உருவில் இருக்கும் சலமாண்டர்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டார்கள். மறைநிறத்திலிருந்து நேரே பகட்டுக்குத் தாவியவை குறைவு. முதலில் வயிற்றுப் பக்கத்தில் மட்டும் நிறம் வருகிறது. அமர்ந்திருக்கும்போது மண் நிறம். பகைவன் நெருங்கினால் உடலை வளைத்து வயிற்றைக் காட்டுகிறது. அந்த இடைப்படிக்குப் பிறகே முதுகிலும் நிறம் ஏறுகிறது. உங்கள் முதுநிலைப் படிப்பில் இதை எடுத்துச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டுப் பூச்சிகளில் இந்த வழியில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மழை பெய்ததும் மண்ணில் சிவப்பு வெல்வெட் போலப் பூச்சி வருகிறதே, அதைக் கோழி தின்னுமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், ஆவடி

தம்பி, அது தம்பலப்பூச்சி. கால்களை எண்ணிப் பார், வளர்ந்ததற்கு எட்டு இருக்கும்; எனவே அது சிலந்தியின் உறவு. அதன் சுவை பல விலங்குகளுக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சிவப்பு அதைத்தான் சொல்கிறது. உங்கள் வீட்டுக் கோழி என்ன செய்கிறது என்பதை நீயே தள்ளி நின்று பார்த்து எனக்கு எழுது. பூச்சியைத் தீப்பெட்டியில் அடைக்காதே. அதற்கு ஈர மண் வேண்டும்.

கறிவேப்பிலைச் செடியில் இருந்த புழுக்களைப் பேரனுக்காக வளர்த்தோம். ஒரே செடி, ஒரே மாதிரிப் புழு. ஆனால் வந்த வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று கறுப்பில் வெள்ளைப் பட்டை. மற்றொன்றில் சிவப்புப் பிறைகள். எப்படி?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அம்பத்தூர்

இரண்டும் கறிவேப்பிலை அழகிதான். வெள்ளைப் பட்டை உள்ளது பெரும்பாலும் ஆண். ஆணைப் போலவே தோன்றும் பெண்ணும் உண்டு. சிவப்புப் பிறை உள்ளது பெண். அது ரோஜா அழகி என்னும் வேறோர் இனத்தின் வேடத்தைப் போட்டிருக்கிறது.

ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்கிறது. பெயரே சொல்வதுபோல ஆடும் தொடாத கசப்புச் செடி. அதன் நஞ்சு வண்ணத்துப்பூச்சிக்கும் போகிறது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பெண்ணிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பறவை அதைக் கண்டு விலகுகிறது. கசப்பற்ற உயிர் கசப்பான உயிரைப் போலத் தோன்றித் தப்பும் இந்த வழியைப் பேட்ஸ் அமேசான் காட்டில் கண்டு 1862இல் எழுதினார். இன்றும் அது பேட்ஸ் பெயராலேயே வழங்குகிறது. பேரனுக்கு அடையாளம் சொல்லுங்கள்: அசலுக்கு உடலும் சிவப்பாக இருக்கும், உங்கள் கறிவேப்பிலை அழகிக்குச் சிறகில் மட்டுமே சிவப்பு, உடல் கறுப்பு.

சிறகின் இத்தனை மாற்றங்களுக்கும் சாவி ஒரே மரபணுவில் இருக்கிறது என்பதை, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் காட்டினார்கள். பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் ‘டபுள்செக்ஸ்’ என்ற மரபணு அது. வேடத்துக்கான அந்த மரபணு வடிவம் ஆணிடம் இருந்தாலும் வேடம் வெளிப்படுவதில்லை.

எல்லாப் பெண்களும் ஏன் இந்த வேடத்தைப் போடவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். போலிகள் பெருகினால் பறவை முதலில் பிடிப்பது போலியாகவே இருக்கும். சுவையாக இருக்கும். அப்போது சிவப்புப் பிறை, உணவுக்கான அடையாளம் ஆகிவிடும். போலி பிழைக்க அசல் போதுமான அளவில் இருக்க வேண்டும். ஜப்பானின் தென்கோடியில் உள்ள மியாக்கோ தீவுக்கு ரோஜா அழகி வந்து குடியேறிய பிறகுதான், அங்கே சிவப்புப் பிறை உள்ள கறிவேப்பிலை அழகிகளின் பங்கு உயர்ந்தது. அம்பத்தூரில் உங்கள் வீட்டில் பிறந்த அந்தப் பெண்ணைக் காப்பது, எங்கோ ஒரு தரிசில் படர்ந்திருக்கும் ஆடுதீண்டாப்பாளை. அதைப் பிடுங்கி எறிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

வீட்டுக்குள் வந்த பாம்பைக் கட்டுவிரியன் என்று அடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அது விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன் என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பெரம்பூர்

பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்க்க ஒரு குறிப்பு. வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தெளிவாகத் தொடங்கி, வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் மாறாக இருக்கும்: கழுத்துப் பக்கம் மங்கலாகவும், வால் பக்கம் தெளிவாகவும், மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக ஓடும். சுவரேறிப் பல்லி பிடிப்பது பெரும்பாலும் வரையன். ஆனால் இந்தக் குறிப்புகளை நம்பி யாரும் பாம்பைக் கையால் தொடக் கூடாது. ஐயம் இருந்தால் கட்டுவிரியன் என்றே கொள்ளுங்கள். விலகி நின்று வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் போதும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். புழுவிடம் கற்கும் பறவைக்கு வாந்தியோடு போகிறது. கொடிய பாம்பிடம் பாடம் கற்கும் பறவை உயிரோடு திரும்பாது. பிறகு யார் கற்பது? 1975இல் சூசன் ஸ்மித் இதற்கு விடை கண்டார். மத்திய அமெரிக்காவில் மோட்மோட் என்றொரு பறவை உண்டு, மீன்கொத்திக்கு உறவு. பாம்பையே கண்டிராத குஞ்சுகளைக் கையால் வளர்த்து, அவற்றின் முன் வண்ணம் தீட்டிய மரக்குச்சிகளை வைத்தார். மற்றக் குச்சிகளைக் கொத்திய குஞ்சுகள், கொடிய நஞ்சுள்ள பவழப்பாம்பைப் போல மஞ்சளும் சிவப்பும் வளையமிட்ட குச்சியைக் கண்டு பின்வாங்கின. சாவுப் பாடத்தைத் தலைமுறைகள் கற்றுக் குஞ்சின் பிறப்பிலேயே வைத்துவிட்டன.

அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் செய்த இன்னொரு சோதனை 2001இல் வெளிவந்தது. பவழப்பாம்பு நிறத்தில் களிமண் போன்ற பொருளால் பொம்மைப் பாம்புகள் செய்து காட்டில் வைத்தார்கள். பவழப்பாம்பு வாழும் பகுதியில் விலங்குகள் அவற்றை விட்டு ஒதுங்கின. பவழப்பாம்பே இல்லாத பகுதியில் அந்த நிறத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. மியாக்கோ தீவின் கதையும் இதுவும் ஒன்றே.

வெள்ளிக்கோல் வரையனுக்கும், கட்டுவிரியனைப் போலத் தோன்றும் அந்தப் பட்டைகள் பாதுகாப்பாகவே வாய்த்தவை என்று கருதுகிறார்கள். கம்பு எடுக்கும் மனிதன் முன்னால் அதே பட்டைதான் அதன் உயிரைக் குடிக்கிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கட்டுவிரியனையும் அடிக்க வேண்டியதில்லை. பிடித்துக் கொண்டுபோய் விடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

வண்டலூரில் புலியைப் பார்த்தோம். இவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் அது எப்படி இரையிடம் மறைந்து போகும்?
– தாய், பல்லாவரம்

புலியின் நிறத்தை மானின் கண்ணால் பார்க்க வேண்டும். நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. ஆரஞ்சும் பச்சையும் அதற்கு வேறுபடுவதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் கணினி கொண்டு இதைப் பரிசோதித்து, மானின் பார்வையில் ஆரஞ்சு மிகச் சிறந்த மறைநிறம் என்று காட்டினார்கள். பாலூட்டிகளின் முடியில் பச்சை நிறம் உருவாவதில்லை. புலிக்குக் கிடைத்தவற்றில் சிறந்தது இதுவே.

கசப்பான பூச்சியைத் தின்னப் பழகிய பறவைகளே கிடையாதா?
– வாசகர், திருவான்மியூர்

உண்டு. மழையோடு நம் ஊருக்கு வரும் சுடலைக்குயில், மற்றப் பறவைகள் தொடாத மயிர்ப்புழுக்களை விழுங்குகிறது. மின்கம்பியில் அமரும் பஞ்சுருட்டான், தேனீயையும் குளவியையும் பிடித்துக் கிளையில் அடித்து, தேய்த்து, கொடுக்கை நீக்கிவிட்டுத் தின்கிறது. மெக்சிகோ மலைகளில் கோடிக்கணக்கில் கூடும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளையும் இரண்டு வகைப் பறவைகள் வேட்டையாடுகின்றன. ஒன்று நஞ்சைத் தாங்கிக்கொள்கிறது. மற்றொன்று நஞ்சு மிகுந்த தோலை விட்டுவிட்டு உள்ளே உள்ளதை எடுக்கிறது. எச்சரிக்கை நிறம் முழுமையான கவசமாக இருந்ததே இல்லை. பெரும்பாலான பகைவரைப் பெரும்பாலான நேரம் தடுத்தால் அந்த இனம் நிலைத்துவிடும்.

எங்கள் குடியிருப்பு வளாகத்தில் எருக்கை ‘விஷச் செடி’ என்று வேரோடு எடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்தைப் படித்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் என்ன சொல்வது?
– குடியிருப்போர் சங்க உறுப்பினர், மடிப்பாக்கம்

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். எருக்கம் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகள் விளையாடும் இடத்தருகே அது வேண்டாம். ஆனால் பின்சுவர் ஓரம், யாரும் நடக்காத மூலை ஒன்று நிச்சயம் இருக்கும். அங்கே இரண்டு செடிகளை விட்டுவைக்கக் கேளுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூவும் கிடைக்கும். மயிலாப்பூரில் அன்று அதன் விலையைக் கேட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதோடு பருப்புக்கீரையையும் அந்த மூலையில் விடுங்கள். அதைத் தின்று வளரும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே ஆரஞ்சு நிறமும் கறுப்பு நுனியும் கொண்டது. அதன் ஆணோ கறுப்பில் ஊதா விளிம்பிட்ட பெரிய வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். நாம் சமைக்கும் கீரையில் நஞ்சு ஏது? அந்தப் பெண் முழுக்க முழுக்க வெந்தய வரியனின் பெயரால் வாழ்கிறது. எருக்கு போனால் இரண்டும் போகும் என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.

இலையை ஒடிக்கும்போது கையுறை அணியுங்கள், அல்லது உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். புழு இருக்கும் இலையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இலைகள் சல்லடையாகிவிட்டதே என்று யாராவது முறையிட்டால், எருக்கு மறுபடி துளிர்க்கும் என்று சொல்லுங்கள்; மிகச் சீக்கிரம் துளிர்க்கும்.